பூமியின் அடுக்குகளும் நம் கிணற்று நீரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கோடை வந்துவிட்டால் நம்மிடையே அதிகம் எழும் கேள்வி, 'இன்னும் எத்தனை அடி இறக்க வேண்டும்?' என்பதாகும். கிணறு வற்றினால் ஆழ்குழாய்க் கிணறு, அதுவும் வற்றினால் இன்னும் ஆழமாக ஒன்று என நாம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறோம். ஆழத்திற்குச் செல்லச் செல்லத் தண்ணீர் பெருகும் என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரிதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

நம் காலடியிலிருந்து பூமியின் மையம் ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. நாம் வாழும் மேலோடு, நிலப்பகுதிகளில் சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன் உடையது. அதன் கீழ் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம் எனப்படும் பாறை அடுக்கு. அதற்கும் கீழே இரும்பும் நிக்கலும் நிறைந்த கருவம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தோண்டத் தொடங்கிய துளை, 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் 180 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்ந்ததால் மேலும் செல்ல இயலவில்லை. மேலோட்டைக்கூட அவர்களால் கடக்க முடியவில்லை.

கவசத்தில் நீர் இல்லையா எனில், உண்டு. பிரேசில் நாட்டில் கிடைத்த ஒரு வைரத்தினுள் ரிங்வுடைட் என்னும் கனிமம் சிக்கியிருந்ததையும், அதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் நீர் அடங்கியிருந்ததையும் 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அக்கனிமம் ஏறத்தாழ 520 முதல் 660 கிலோமீட்டர் வரையிலான ஆழத்தில் இருப்பது. ஆயினும் அந்நீர் ஊற்றாகவோ ஏரியாகவோ இல்லை. கனிமத்தின் அமைப்போடு பிணைந்து கிடக்கிறது. எந்த வாளியும் அதை இறைக்க இயலாது.

நமக்குக் கிட்டும் நன்னீர், மேலோட்டின் மேற்பகுதியில் சில நூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் உள்ளது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. அங்கே நீர் தங்குவது மேலே சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே. ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறைந்துவிடுகின்றன. ஆயிரம் அடி தோண்டியும் புழுதி மட்டுமே பறப்பதன் காரணம் இதுவே.

கடலோர மணற்பகுதிகளின் நிலை வேறு. அங்கே நன்னீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். ஆகவே மேலே 1 மீட்டர் குறைந்தால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் உயரக்கூடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவின்றி நீர் இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போனது நாடறிந்த உண்மை. இத்தகைய இடத்தில் ஆழப்படுத்துவது உப்பைத் தேடிச் செல்வதேயாகும்.

ஆகவே, எவ்வளவு ஆழம் தோண்டுகிறோம் என்பதைவிட, எவ்வளவு நீரை மண்ணுக்குத் திருப்பித் தருகிறோம் என்பதே முக்கியம். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் அதே கூரையில் விழுவது 90,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழிகள் பல வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன.

எனவே மழைக்காலம் தொடங்குமுன் அவரவர் வீட்டுக் குழியைத் தூர்வாருவோம். பள்ளிவாசல் கூரை நீரைப் பழைய கிணற்றுக்குள் மணல் வடிகட்டி வழியே இறக்குவோம். உளூச் செய்த நீர் சாக்கடைக்குச் செல்லாமல் மரங்களுக்குப் பாயச் செய்வோம். கழிவுநீர் உறிஞ்சுகுழி, கிணற்றை விட்டு விலகியே இருக்கட்டும். ஒருவர் ஆழப்படுத்தினால் அண்டை வீட்டார் கிணறு வற்றும். ஒருவர் மழைநீரை இறக்கினால் அண்டை வீட்டார் கிணற்றிலும் நீர் ஊறும். மண்ணுக்கடியில் மதிற்சுவர்கள் இல்லை என்பதை நினைவிற்கொண்டு செயல்படுவோம்.