கடிகாரம் 'டிக், டக்' என்பது ஏன்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். பேசப் போவதே நேரத்தைப் பற்றி, அதனால் நேரத்தைத் தாண்ட மாட்டேன்.

நம் மெக்கானிக்கல் பிளாக் மாடிப்படி அருகே தொங்கிய ஊசல் கடிகாரம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அது ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. பழைய சாமான்களோடு ஏலம் விட்டுவிட்டு, சங்கத்தின் சார்பில் ஒரு டிஜிட்டல் கடிகாரம் வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. புதியதைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பழையதை ஏலம் விட வேண்டாம் என்பது என் கோரிக்கை. காரணத்தைச் சொல்கிறேன்.

சாவி கொடுத்தால் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. தடுக்க ஆள் இல்லையென்றால் 'சர்ர்ர்' என்று கொஞ்ச நேரத்திலேயே மொத்தச் சாவியும் தீர்ந்துவிடும். ஒரு வாரம் ஓட வேண்டிய கடிகாரம் ஒரு டீ குடிப்பதற்குள் நின்றுவிடும்! சினிமாக் கொட்டகையில் கம்பி வைத்து ஆட்களை ஒவ்வொருவராக விடுவார்களே, அதுபோல இங்கேயும் ஒரு காவலாளி வேண்டும். அந்தக் காவலாளிக்குப் பெயர்தான் எஸ்கேப்மென்ட்.

கடைசிப் பல்சக்கரத்தின் மேல் நங்கூரம் போல ஒரு துண்டு இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு நகங்கள். ஊசல் ஆடும்போது நங்கூரமும் ஆடும். ஒரு நகம் விலகினால் ஒரு பல் தப்பும். சக்கரம் கொஞ்சம் நகர்வதற்குள் மறு நகம் இன்னொரு பல்லைத் தடுத்துவிடும். பல் நகத்தில் மோதும் சத்தம்தான் 'டிக்'. அடுத்த பக்கம் மோதினால் 'டக்'.

இதோடு வேலை முடியவில்லைங்க. காற்றும் உராய்வும் ஊசலை நிறுத்தப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு பல்லும் தப்பிக்கும்போது நகத்தின் சரிவில் உரசி, ஊசலுக்கு ஒரு சிறு தள்ளு கொடுத்துவிட்டுப் போகிறது. நம் வீடுகளில் தூளி ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினால் போதும். கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் தூளி தன் போக்கில் ஆடாது. தள்ளவும் வேண்டும், தொந்தரவும் கூடாது. எஸ்கேப்மென்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பிரச்சினைதான்.

1656-ல் ஹாய்கென்ஸ் ஊசல் கடிகாரம் செய்தார். அதே நூற்றாண்டில் நங்கூர எஸ்கேப்மென்ட் வந்தது. அதில் ஒரு குறை: பல்லைத் தடுத்த பிறகும் நகம் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும். விநாடி முள் ஒவ்வொரு முறையும் லேசாகப் பின்வாங்குவது கண்ணுக்கே தெரியும். 1715 வாக்கில் லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் தடுக்கும் முகத்தை, நங்கூரத்தின் அச்சை மையமாகக் கொண்ட வட்ட வில்லாக ஆக்கினார். பின்வாங்கல் நின்றது. வானியல் அறிஞர்கள் இதைத்தான் நம்பினார்கள். அத்தகைய கடிகாரங்களுக்குப் பெயர் பெற்ற ஜான் ஷெல்டன் செய்த ஒன்று, 1792-ல் அமைந்த மதராஸ் வானாய்வுக்கூடத்துக்கு வந்தது. பின்னர் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்குப் போய், அங்கே பேணப்படுகிறது. 1906-ல் இந்தியப் பொது நேரம் வரும் முன், ரயில்கள் ஓடியது மதராஸ் நேரப்படிதான்.

கைக்கடிகாரத்தில் ஊசலுக்குப் பதில் பாலன்ஸ் வீலும் ஹேர் ஸ்பிரிங்கும். அங்கே லீவர் எஸ்கேப்மென்ட் ஒரு கணம் மட்டும் தொட்டுத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நம் அப்பாக்கள் கட்டிய எச்.எம்.டி. ஜனதா மணிக்கு 18,000 முறை துடித்தது. விநாடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000!

பிறகு குவார்ட்ஸ் வந்தது. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஒசூரில் தொழிற்சாலை கட்டியது. அந்த ஒசூர் 1965 வரை நம் சேலம் மாவட்டம்தான். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவது என்று 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனால் தத்துவம் மாறவில்லை. குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அதற்குச் சிறிது சிறிதாக ஆற்றல் ஊட்டுகிறது. 15 முறை பாதியாக்கினால் ஒரு விநாடி. அதே தள்ளு, அதே கணக்கு. ஒன்றே ஒன்று, கண்ணால் பார்க்க முடியாது.

அதனால்தான் அந்தப் பழைய கடிகாரத்தைக் கேட்கிறேன். ஆற்றல், அலைவு, உராய்வு, வெப்ப விரிவு என்று நான்கு பாடம் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. எஃகுத் தண்டு கொண்ட ஊசல், வெப்பம் 20 டிகிரி கூடினால் ஒரு நாளைக்குச் சுமார் 10 விநாடி பின்தங்கும். மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் நம் ஊரில் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். புத்தகத்தில் படித்த விரிவுக் குணகத்தை மாணவன் சுவரில் பார்க்கலாம்.

என் யோசனை இதுதான். கடிகாரத்தைச் சுத்தம் செய்து, கண்ணாடிப் பெட்டியில் பழைய இடத்திலேயே மாட்டுவோம். செலவில் ஒரு பங்கு என்னுடையது. பருவத்துக்கு இரண்டு மாணவர்கள் பொறுப்பு. தினம் ஒரு முறை, பக்கத்திலேயே மாட்டப் போகும் டிஜிட்டல் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி வித்தியாசம், எத்தனை டிகிரி வெப்பம் என்று நோட்டில் எழுதட்டும். பின்தங்கினால் ஊசலின் அடியில் உள்ள திருகைத் திருகிக் குண்டைக் கொஞ்சம் ஏற்றட்டும். 'டிக்'குக்கும் 'டக்'குக்கும் இடைவெளி சமமாக இல்லையென்றால் கடிகாரம் சாய்ந்து நிற்கிறது என்று காது கண்டுபிடிக்கப் பழகட்டும்.

இன்னொன்று. இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெரியவர்கள் கடைவீதியில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, நம் மாணவர்கள் முன்னால் இதைப் பிரித்துக் காட்டச் சொல்வோம். அவர் விரல்களில் இருக்கும் பாடத்துக்குப் பாடப்புத்தகம் கிடையாது. அவரையும் கடிகாரத்தையும் சேர்த்து இழந்த பிறகு, எந்த ஏலத்திலும் திரும்ப வாங்க முடியாது.

சங்கப் பொதுக்குழு இன்று மாலையே முடிவு செய்ய வேண்டுகிறேன்.