ஓட்டுநர் இல்லாத வண்டியில் கண் மங்கிய பயணி

 

2011 சனவரியில் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத் தடத்தில், பார்வையற்றவரான மார்க் ரிக்கோபோனோ தாமே கார் ஓட்டினார். கையுறைகளும் இருக்கையும் அதிர்ந்து அவருக்கு வழிகாட்டின. 2015 அக்டோபரில் ஆஸ்டின் நகரத் தெருக்களில், பார்வையின் பெரும்பகுதியை இழந்த ஸ்டீவ் மேகன், ஸ்டீயரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில் தனியாகப் போய்வந்தார். இன்று ஃபீனிக்சிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வேமோ நிறுவனத்தின் கார்கள் ஓட்டுநரின்றிப் பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன.

கார் தானே ஓடிவிடும். என் கவலை, கண் மங்கிய முதியவர் காரில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் நடக்க வேண்டிய அந்தச் சில அடிகளைப் பற்றியது.

டாக்சி ஓட்டுநர் வண்டியை மட்டுமா ஓட்டுகிறார்? பெயர் கேட்டு அடையாளம் சொல்கிறார், கதவைத் திறந்துவிடுகிறார், படி இருக்கிறது என்று எச்சரிக்கிறார், மருத்துவமனை வாசலைக் கைகாட்டுகிறார். அவர் இல்லாதபோது இவற்றை யார் செய்வது?

முதுமையில் பார்வை மங்குவது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. விழித்திரையின் மையம் சிதைந்தவருக்கு ஓரங்கள் தெரியும். ஆனால் எழுத்தும் முகமும் வண்டி எண்ணும் தெரியா. க்ளாக்கோமா என்னும் கண்நோய் முற்றியவருக்கு எதிரே உள்ள பலகையை வாசிக்க முடியலாம். காலடியில் உள்ள நடைபாதை விளிம்பு தெரியாது. பலருக்குக் காதும் மந்தம். நீரிழிவு இருந்தால் விரல்நுனி உணர்வும் குறையும்.

வேமோ காரைக் கண்டுபிடிக்க, செயலியிலிருந்தே ஹாரன் அடிக்கச் செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பொத்தானை முதலில் தொடுதிரையில் தேடிப் பிடிக்க வேண்டுமே! இளமையிலிருந்தே பார்வையற்றவர்களில் பலர், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை விரல்களுக்குப் பழக்கிக்கொண்டவர்கள். எழுபத்தைந்து வயதில் கண் மங்கியவரிடம் அந்தப் பழக்கத்தை எதிர்பார்ப்பது அநியாயம். சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே கார் வரவேண்டும். கதவின் கைப்பிடி எடுப்பான நிறத்தில் இருக்கவேண்டும். உள்ளே பொத்தான்கள் மேடாக, தடவினால் தட்டுப்படும்படி அமையவேண்டும்.

அமெரிக்காவில் முதியோர் மிகுந்த மாநிலமான மெய்னின் பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்தச் சில அடிகளையே ஆராய்ந்தது. அதன் ஆய்வாளர் நிக்கலஸ் ஜியூடிசே பார்வையற்றவர். கைபேசிக் கேமராவின் உதவியால் காரையும் கதவுக் கைப்பிடியையும் ஒலியாலும் அதிர்வாலும் காட்டித் தரும் செயலியை அவர்கள் உருவாக்கினார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நடத்திய போட்டியில் 2022இல் அதற்குப் பரிசு கிடைத்தது. பயன்படுத்தப்போகிறவரே வடிவமைப்பில் அமர்ந்ததால்தான், பிறர் கண்ணில் படாத கைப்பிடி அவர்களுக்கு ஆய்வுப் பொருளானது என்று நம்புகிறேன்.

இறங்கும்போதும் இதே கதைதான். சேருமிடம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் போதாது. எந்தப் பக்கக் கதவு, நடைபாதை எவ்வளவு உயரம், சைக்கிள் ஏதும் வருகிறதா, வாசல் எத்திசையில் என்று கார் சொல்லவேண்டும். தன்னைச் சுற்றியுள்ளவற்றை லைடார் என்னும் லேசர் உணரிகளும் கேமராக்களும் கொண்டு அது ஓயாமல் அளந்துகொண்டேதான் வருகிறது. அந்த அளவுகளில் பயணிக்கு வேண்டியதை வாய்விட்டுச் சொல்லும்படி அதை அமைக்குமாறு வண்டி செய்வோரிடமும், உரிமம் வழங்கும் அரசுகளிடமும் கேட்கிறேன்.