இலவசக் கல்வியும் பெருங்கதையும்

சனிக்கிழமை காலையில் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் கண்ணில் முதலிற் படுபவர்கள் பிள்ளைகள். முதுகில் புத்தகப் பை, கையில் தண்ணீர்ப் போத்தல், கூடவே தாயோ தகப்பனோ. ரியூட்டரிக்குப் போகிறார்கள். காலி வீதி நெடுகிலும் வெளிநாட்டுப் பட்டங்களை அறிவிக்கும் விளம்பரப் பலகைகள். கல்வி சமூகத்துக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி அப்போதெல்லாம் என் மனதில் எழும். பின்நவீனத்துவச் சிந்தனை இதற்குத் தரும் விடையை நமது நாட்டு அனுபவத்தோடு வைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பின்நவீனத்துவம் என்றதும் நம்மிற் பலர் கதை, கவிதை பற்றிய விவகாரம் என்றே எண்ணுகிறோம். ஆனால் அச்சொல்லைப் பிரபலப்படுத்திய நூல்களில் முக்கியமான ஒன்று, பல்கலைக்கழகங்களுக்காக எழுதப்பட்ட அறிக்கை. கனடாவின் கியூபெக் மாநில அரசின் பல்கலைக்கழகப் பேரவை கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பிரெஞ்சுத் தத்துவவாதி லியோத்தார் 1979இல் அதை வெளியிட்டார். அறிவு மனிதனை விடுதலை செய்யும், சமூகத்தை முன்னேற்றும் என்பன போன்ற நம்பிக்கைகளை அவர் பெருங்கதைகள் என்றார். இவற்றின் மீதான அவநம்பிக்கையே பின்நவீன நிலை என்பது அவர் கருத்து.

நமது நாட்டுக் கல்விக்கும் ஒரு பெருங்கதை உண்டு. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை, தாய்மொழியிற் படிக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளை டாக்டராகலாம், எஞ்சினியராகலாம் என்பதே அக்கதை. அது பொய்க் கதையன்று. நம்மிற் பலருடைய குடும்பங்களில் முதற் பட்டதாரி வந்தது அதன் வழியாகத்தான்.

ஆயினும் பெருங்கதையைக் கேட்கும்போது, அதில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். 1945க்குப் பின்பும் பல ஆண்டுகள் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கீழேயே இருந்தன. ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளில். தேயிலைக் கொழுந்தின் வருமானம் நாட்டின் இலவசக் கல்விக்கு உதவியது; கொழுந்து பறித்தவளின் பிள்ளை ஒரு தலைமுறைக்கு மேல் அதற்கு வெளியே நின்றது.

அடுத்து பரீட்சைப் புள்ளி. புள்ளி பக்கச்சார்பற்றது, எல்லோரையும் ஒரே கோலால் அளப்பது என்று நம்பியிருந்தோம். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. பரீட்சை என்பது ஆட்களை வகைப்படுத்தி ஆளும் அதிகாரக் கருவி என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம் இளைஞர்களுக்கு அது நூலைப் படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இங்கேயும் ஒரே குரல் இல்லை. 1974இல் மாவட்ட அடிப்படை வந்தபோது யாழ்ப்பாண மாணவர் இழந்தனர். மன்னார், வவுனியா போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் மாணவருக்கு வாய்ப்புக் கூடியது. அவர்களிலும் தமிழர் இருந்தனர். திறமை என்று நாம் சொன்ன கதைக்குள், நல்ல ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியரும் உள்ள பாடசாலையின் கதை மறைந்திருந்தது. தரப்படுத்தலின் அநீதி இதனாற் குறைந்துவிடாது. நமது நியாயத்துக்குள்ளும் கேட்கப்படாத சிறுகதைகள் உண்டு என்பதையே சொல்கிறேன்.

அப்படியானால் பெருங்கதையைத் தூக்கி எறிந்துவிடலாமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். லியோத்தாரே ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். அறிவு விற்பனைப் பண்டமாகிவிடும். இது உண்மையா என்று கேட்பதை விட்டு, இதனால் என்ன பயன், இது விலை போகுமா என்று கேட்பார்கள் என்றார். காலி வீதிப் பலகைகள் அக்கேள்விகளுக்கு அன்றாடம் விடை சொல்கின்றன. கட்டணம் அறவிடும் புதிய தனியார் பாடசாலைகளை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. எண்பதுகளிலிருந்து சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்துகொண்டு பெருகின. பெருங்கதை செத்துவிட்டது என்று தத்துவவாதி சொல்லும் இடத்திலேயே வியாபாரி கடை திறக்கிறான்.

தோட்டத்துப் பெற்றோர் இலவசக் கல்வி பொய் என்று சொல்லவில்லை. எங்கள் பிள்ளைக்கும் அது வேண்டும் என்றே கேட்டார்கள். தரப்படுத்தலை எதிர்த்த மாணவரும் சமத்துவம் என்ற சொல்லை வைத்துத்தான் நியாயம் கேட்டார்கள். விடுபட்டவனுக்கு, கொடுத்த வாக்கை நினைவூட்டிக் கேட்க ஒரு பெருங்கதை தேவைப்படுகிறது. அது இல்லாவிட்டால் அவன் எதைக் காட்டிக் கேட்பான்?

ஆகவே பின்நவீனத்துவத்திடமிருந்து சந்தேகப்படும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். வாக்குறுதியைக் கைவிடும் பழக்கத்தை எடுக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைகளைச் சந்தியிற் காண்பேன். அந்தப் பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளை இன்று எந்த வகுப்பில் இருக்கிறது என்பதையும் நாம் விசாரிக்க வேண்டும்.