பாடகர்களுக்கும் விடுமுறை வேண்டும்



சென்னையில் டிசம்பர் இசை சீசன் முடிந்துவிட்டது. சபா கேன்டீனில் அடை அவியல் சாப்பிட்டு, பிடித்த வித்வான்களையெல்லாம் கேட்டு முடித்து, நாம் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டோம். பாடியவர்களுக்குத்தான் முடியவில்லை. தை பிறந்தால் திருவையாறு ஆராதனை. அப்புறம் கோவில் கச்சேரி, கல்யாணக் கச்சேரி. வெயில் ஏறும்போது அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆராதனை. நடுநடுவே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு. அங்கே மாலை என்றால் இங்கே விடியற்காலை. இவர்கள் எப்போது ஓய்வெடுப்பார்கள் என்று கேட்கத்தான் இந்த உரை.

தொண்டையிலிருந்து தொடங்குவோம். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்மணி ஆதார சட்ஜத்தைப் பிடித்தாலே, அவருடைய குரல்நாண்கள் இரண்டும் விநாடிக்கு சுமார் 196 தடவை சேர்ந்து பிரிகின்றன. மேல் சட்ஜத்தில் 392. அங்கே பத்து விநாடி கார்வை கொடுத்து நிற்கிறார், நாம் கண்மூடித் தலையாட்டுகிறோம். அதற்குள் ஏறக்குறைய நாலாயிரம் முறை அந்த மெல்லிய சவ்வுகள் மோதிக்கொண்டுவிட்டன. ஒரு கச்சேரி இரண்டரை மணி நேரம். அதில் வீங்கிய இடம் ஓய்வு கொடுத்தால் வடிந்துவிடும். கொடுக்காமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் பாடினால் தடித்து, மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல முடிச்சாகிவிடும். பாடாத நேரத்தில் கிசுகிசுத்துப் பேசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிசுகிசுப்பதும் கனைப்பதும்கூடத் தொண்டைக்கு வேலைதான். ஓய்வு என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இங்கிலாந்துப் பாடகி அடேல், 2011இல், புகழின் உச்சத்தில் இருந்தபோது, சுற்றுப்பயணத்தை ரத்து செய்துவிட்டுக் குரல்நாணில் அறுவைசிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் வாரக்கணக்கில் பேசக்கூட இல்லை. 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் வந்து பாடினார்.

தொண்டை வலித்தால் மருத்துவரிடம் போகலாம். மனோதர்மம் களைத்துப்போனால் அது வலிப்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. களைத்த பாடகருக்குச் சுருதி விலகாது, தாளம் தவறாது. அத்தனை வருட சாதகம் தாங்கிப் பிடித்துவிடும். ஆனால் கல்யாணி ராகத்தை எடுத்தால், போன வாரம் வேறொரு சபாவில் எந்த வழியில் ஏறினாரோ அதே வழியில்தான் ஏறுகிறார். நிரவலில் அதே வளைவு. கல்பனாஸ்வரம் அதே கணக்கில் வந்து முடிகிறது. கைதட்டல் குறையாது. முன்வரிசையில் இருக்கும் பழைய ரசிகருக்கு மட்டும் ஏதோ ஒன்று இல்லை என்று தெரியும். பாடுகிறவருக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறுநாள் மேடை ஏற வேண்டியிருக்கிறதே, அந்த வேதனையை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

இத்தனைக்கும் நம் கச்சேரி அமைப்பிலேயே ஓய்வு இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் நிலைப்படுத்தியதாகச் சொல்லப்படும் இன்றைய கச்சேரி முறையைக் கவனியுங்கள். பாடகர் ஆலாபனை செய்து முடித்ததும் வயலின்காரர் வாசிக்கிறார். பிரதான உருப்படி முடிகிற இடத்தில் தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்ளும் அந்த நேரத்தில் நம்மில் சிலர் எழுந்து காபிக்குப் போகிறோம். போகாமல் ஒருநாள் பாடகரைப் பாருங்கள். பிளாஸ்கைத் திறந்து வெந்நீரை ஒரு மிடறு விழுங்குகிறார். தோள் இறங்குகிறது. கை தொடையில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. கோர்வை முடிந்து மறுபடி பல்லவியை எடுக்கும்போது குரலில் ஒரு தெளிவு இருக்கும். ஒரு கச்சேரிக்குள் இதை இவ்வளவு அழகாக வைத்தவர்கள் நாம். ஒரு வருடத்துக்குள் அப்படி ஓர் இடம் வைக்கவில்லை.

பாடாத நேரத்திலும் பாட்டு வளர்கிறது. ராத்திரி எத்தனை தடவை பாடியும் பிடிபடாத சங்கதி, தூங்கி எழுந்ததும் தானாக உட்காருவதைப் பாட்டு கற்றவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். விரல்களை ஒரு வரிசையில் அசைக்கப் பழகியவர்களை வைத்து ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். தூக்கத்துக்குப் பிறகு, மேற்கொண்டு பழகாமலே, அவர்கள் வேகமும் துல்லியமும் கூடின. ஆகவே மார்கழியில் முதலில் பலியாகும் தூக்கம், சாதகத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது.

முன்னணி வித்வான்கள் வேண்டாம் என்று சொல்லிவிட முடியும். பிற்பகல் கச்சேரி பாடும் இளைஞர்களால் முடியாது. ஒரு சபாவுக்கு இந்த வருடம் இல்லை என்றால் அடுத்த வருடம் அழைப்பு வருமோ வராதோ என்ற பயம். சன்மானமோ போக்குவரத்துக்கும் பக்கவாத்தியத்துக்குமே சரியாகப் போய்விடும். ஜுரத்தோடு பாடிய பிள்ளையை, பொறுப்புள்ளவர் என்று நாமே மெச்சுகிறோம். ஓய்வெடுங்கள் என்று அவர்களுக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை. பட்டியல் போடுகிறவர்களும் டிக்கெட் வாங்குகிற நாமும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது.

அடுத்த டிசம்பருக்கான பேச்சு சபாக்களில் சீக்கிரமே தொடங்கிவிடும். தேதி கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் செயலாளர்கள், அதற்கு முந்தின நாளும் மறுநாளும் வேறெங்கே பாடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். இரண்டு நாளும் கச்சேரி இருக்கிறது என்று பதில் வந்தால், தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டாம்.