அடிமையின் சொல்



கவிஞர்கள் கூடிய அவையில் சட்டநூலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். யாருடைய சொல் சொல்லாகும் என்று தீர்ப்பளித்த நூல் அது. ஆகவேதான் பேச முன்வந்தேன்.

கீவ் நகரைத் தலைமையாகக் கொண்ட பழைய ரூஸ் நாட்டின் சட்டத் தொகுப்பு 'ரூஸ்கயா பிராவ்தா'. 1054இல் மறைந்த மன்னர் யாரோஸ்லாவின் பெயரோடு இணைத்து வழங்குவது. 'பிராவ்தா' என்றால் உண்மை. நீதி என்றும் பொருள் உண்டு. கொலைக்குக் கொலை என்னும் பழிவாங்கலை யாரோஸ்லாவின் மைந்தர்கள் நீக்கிப் பணத் தண்டமாக்கினர். அடிமையல்லாத குடிமகனின் உயிருக்கு 40 கிரிவ்னா; அடிமைக்கு 5. விரலை வெட்டினால் 3 கிரிவ்னா, தாடியைப் பிடுங்கினால் 12! மானத்தின் விலை அங்கும் அதிகந்தான்.

வழக்கை நடத்துபவன் பாதிக்கப்பட்டவனே. இரத்தக் காயத்தோடு வந்து நின்றால் அவனுக்குச் சாட்சி வேண்டியதில்லை. களவுபோன பொருளைத் தன்னூரில் பிறன் கையில் கண்டால் உடனே பறிக்கலாகாது. எங்கே பெற்றாய் என்று கேட்டு, விற்றவனிடம், அவனுக்கு விற்றவனிடம் என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். இதற்கு 'ஸ்வோத்' என்று பெயர்.

களவுபோனது ஓர் அடிமையாயின்? அவன் கால்நடை அல்லன், யாரிடம் வாங்கினேன் என்று தெரியாது என எவனும் தப்ப முடியாது, அடிமையின் பேச்சைப் பின்பற்றி இறுதிவரை செல்க என்கிறது நூல். நான் வியந்து நின்ற இடம் இது. உடைமையை மீட்க அவன் நாவு வேண்டும். ஆனால் அதே நாவு வழக்கில் சாட்சி சொல்ல இயலாது; பிரபுவின் காரியக்காரனாக உள்ள அடிமைக்கு மட்டும், வேறு வழியில்லாதபோது, விலக்கு.

இன்னொரு வழியையும் சட்டம் திறந்து வைத்தது. அடிமையின் சொல் கேட்டு ஒருவனைக் காய்ச்சிய இரும்புச் சோதனைக்கு இழுக்க விரும்பும் வாதி, இவன் பேச்சின்பேரில் பிடித்தாலும் பிடிப்பவன் நானே, அடிமையல்லன் என்று அறிவிக்க வேண்டும். பிறர் துயரைத் தன் பெயரில் பாடும் நமக்கு இந்த வாசகம் சற்றே உறுத்தவில்லையா? எனக்கு உறுத்துகிறது. சோதனையில் குற்றம் மெய்ப்படாவிடில், அடிமையின் சொல்லை நம்பிப் பிடித்ததற்காக, பட்டவனின் வேதனைக்கு அந்த வாதி ஒரு கிரிவ்னா கொடுக்க வேண்டும்.

வாதி சொல்ல வேண்டியதை நூல் சொல்லுக்குச் சொல் வகுத்துத் தருகிறது. அடிமை என்ன சொன்னான் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.