மரங்கள் கூறும் சாட்சியம்



காணி வழக்கில் பழைய உறுதி இல்லாதவிடத்து நாம் என்ன செய்கின்றோம்? ஊரின் முதியவரைச் சாட்சியாக அழைக்கின்றோம். வேலி எங்கே நின்றது, கிணற்றில் எவர் நீர் அள்ளினர் என்று கேட்கின்றோம். ஓர் ஆற்றின் பழைய கணக்கு இல்லாதவிடத்து எவரை அழைப்பது? அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மரங்களே அச்சாட்சியத்தைக் கூறின. ஆனால் வழக்கு முடிந்த பின்னரே அவை அழைக்கப்பட்டன.

1922 நவம்பர் 24ஆம் நாள் சாந்தா பே நகரில், ஹேர்பேட் ஹூவர் தலைமையில், 7 மாநிலங்களின் பிரதிநிதிகள் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்தனர். மேற்படுகைக்கு ஆண்டுதோறும் 75 இலட்சம் ஏக்கர் அடி நீர்; கீழ்ப்படுகைக்கும் அவ்வளவே. 1944ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் மெக்சிக்கோவுக்கு மேலும் 15 இலட்சம் உறுதியாயிற்று.

அவ்வளவு நீர் ஆற்றில் உண்டா? அன்று கையிலிருந்தவை சில பத்தாண்டுக் கணக்குகளே. அவையும் மழை மிகுந்த ஆண்டுகளின் கணக்குகள். பாசனத்துக்கேற்ற நிலம் அனைத்துக்கும் இவ்வாறு போதாதென நீரியல் அறிஞர் லாரூ 1916இலேயே எழுதியிருந்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. அப்படுகையின் பழங்குடி மக்களோ அவைக்கு அழைக்கப்படவேயில்லை. பழங்குடி மக்களுக்கு நீருரிமை உண்டென்னும் கொள்கையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1908இலேயே ஏற்றிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி மரங்களின் சாட்சியத்தைக் கேட்போம். வறண்ட மலைச்சரிவில் நிற்கும் மரம் ஆண்டுக்கொரு வளையம் இடுகின்றது. மழை நிறைந்த ஆண்டில் வளையம் அகலும், வறட்சியில் ஒடுங்கும், கொடிய வறட்சியில் தோன்றாமலே போதலும் உண்டு. ஆகவே ஒரு மரத்தின் சொல்லை மட்டும் நம்புவதற்கில்லை. அரிசோனாவில் ஆய்வு செய்த வானியலறிஞர் டக்ளஸ், பல மரங்களின் வளைய ஒழுங்குகளை ஒன்றோடொன்று பொருத்தி ஆண்டுகளைத் துல்லியமாகக் குறிக்கும் முறையை வகுத்தார். மரத்தை வெட்ட வேண்டியதில்லை; பென்சிலினும் மெல்லிய தண்டொன்றைத் துளைத்தெடுத்தாற் போதும். பட்ட மரங்களையும் பழைய வீடுகளின் உத்திரங்களையும் இணைத்தால் கணக்குப் பல நூற்றாண்டுகள் பின்செல்லும். ஆற்றை அளந்த காலத்துக் கணக்கோடு வளையங்கள் இசைகின்றனவா என்று சோதித்த பின்னரே அளக்காத காலத்துக்குச் செல்வர். குறுக்கு விசாரணையில் நிலைத்த சாட்சியம் இது.

1976இல் ஸ்ரொக்ரன், ஜேக்கபி என்னும் அறிஞர் இருவர் இம்முறையால் ஆற்றின் நீண்டகாலச் சராசரியைக் கணித்தனர். அது ஏறத்தாழ 1 கோடி 35 இலட்சம் ஏக்கர் அடி. பங்கிட்டதோ மெக்சிக்கோவின் பங்கோடு 1 கோடி 65 இலட்சம்! பிந்திய ஆய்வுகள் சராசரியைச் சற்று உயர்த்தினவாயினும் முடிவு மாறவில்லை: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வழக்கத்துக்கு மாறான செழிப்புக் காலம். 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 25 ஆண்டுச் சராசரி நீர் இக்காலச் சராசரியின் 84 சதவீதத்துக்கும் கீழ் இறங்கியதென்று காட்டிற்று.

இல்லாத நீரை எழுதிக் கொடுத்ததன் விளைவு யாது? 2000 முதல் 2021 வரையான 22 ஆண்டுகள், அமெரிக்காவின் தென்மேற்கில் குறைந்தது 1,200 ஆண்டுகளில் மிக வறண்டவை என வளையங்கள் கூறுகின்றன. மனிதரால் விளைந்த வெப்ப உயர்வு அவ்வறட்சியைக் கடுமையாக்கிற்று. 2021 ஓகஸ்ட்டில் ஆற்றில் முதன்முறையாக நீர்ப் பற்றாக்குறை பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு பெருமளவு நீரிழந்தோர் நடு அரிசோனாவின் கமக்காரர். 1922இல் அவர்கள் பிறந்திருக்கவுமில்லை.

அன்பர்களே! கைச்சாத்து மனிதரைக் கட்டும்; மழையைக் கட்டாது. நீரைப் பற்றிய எவ்வுடன்படிக்கை நம் முன் வைக்கப்படினும் நாம் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இக்கணக்கு எத்தனை ஆண்டுகளின் கணக்கு? இவ்வவைக்கு அழைக்கப்படாதோர் எவர்? விடை கிடைக்கும்வரை பேனாவை எடாதிருப்போமாக.