காட்டில் விடப்பட்ட பிள்ளைகள்



ஹேன்சல், கிரேட்டல் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ரொட்டியாலும் கேக்காலும் கட்டிய வீடும் சூனியக்காரியின் அடுப்பும்தான் அவர்கள் நினைவில் நிற்கின்றன. கதையின் உயிரோ அதற்கு முன்பே, முதல் சில வரிகளில் இருக்கிறது என்பது என் கருத்து. விறகுவெட்டியின் வீட்டில் உணவில்லை. எல்லோரும் சாவதா, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்களாவது பிழைப்பதா என்று இரவில் பேச்சு நடக்கிறது. பசியில் தூக்கம் வராத பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். கிரிம் சகோதரர்கள் 1812இல் இந்தக் கதையை முதலில் அச்சிட்டபோது, விட்டுவிடலாம் என்று சொன்னவள் பெற்ற தாய். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஸ்னோ ஒயிட்டுக்கும் இதே கதிதான்: 1812இல் மகளைக் கொல்லத் துணிந்தவள் பெற்றவள், 1819இல் மாற்றாந்தாய். தாய்மையின் பெயரைக் காப்பாற்றப் போய், பசியின் பழியை ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்தார்கள்.

உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளியிட்ட நூலில் மாற்றாந்தாய்க்கு ஒரு நியாயம் சொன்னார். கடிந்துகொள்ளும் தாயை வேறொருத்தியாக எண்ணிக்கொண்டால், அன்பான தாயைக் குழந்தை மனத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் பிள்ளைகள் ரொட்டி வீட்டைத் தின்பதில் அவர் பேராசையைக் கண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டில் பட்டினியாக அலைந்த பிள்ளை கூரையைப் பிய்த்துத் தின்பது பேராசையா? நம் நல்லதங்காளை எண்ணிப் பாருங்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டவள் பெற்ற தாய்தான். அதை நம் கதை மறைக்கவில்லை. இருந்தும் பழி முழுவதும் அண்ணி மூளியலங்காரிக்கு. மழை பொய்த்ததை யார் பேசுகிறார்கள்? இரண்டு மண்ணிலும் பஞ்சத்தின் பழியைச் சுமப்பவள், வெளியிலிருந்து அந்தக் குடும்பத்துக்குள் வந்த பெண்.

பெற்றவளே கைவிட்டாள் என்று சொன்னால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா என்று கேட்பீர்கள். பயப்படுவார்கள். அந்தப் பயத்தைக் கடக்கும் வழியும் அதே கதையில்தான் இருக்கிறது: சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளுபவள் சின்னஞ்சிறு கிரேட்டல். பயத்தை எடுத்துவிட்டால் அவள் துணிவுக்கு வேலையே இல்லை. ஆகவே பெற்றோர்களே, இந்தக் கதையை வாசித்துக் காட்டும்போது மாற்றாந்தாய் என்று வரும் இடத்தில் அம்மா என்றே வாசியுங்கள். வீட்டில் சாப்பாடு இல்லை என்ற வரியைத் தாண்டிப் போகாதீர்கள். ஏன் இல்லை என்று பிள்ளை கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.